எழுபது தப்படி

கூடாரத்தின் முளைகளைத் தேடித்தான் தம்பியின் பையைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேவு பார்க்க இல்லை. துணி என் முதுகில், முளைகள் அவன் முதுகில் என்று காலையில் காரை நிறுத்திய இடத்திலேயே பங்கு பிரித்திருந்தோம். அவன் தண்ணீர்ப் பைகளையும் வடிகட்டியையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கு இறங்கிப் போயிருந்தான். மலைப்பக்கத்திலிருந்து காற்று கிளம்பி, பாதி விரித்த துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு காலை வைத்து அழுத்திக்கொண்டு, ஒரு கையால் அவன் பையைக் கிளறினேன். முளைகள் கிடைக்கவில்லை. தூங்கும் பைக்கும் மழைச் சட்டைக்கும் நடுவே, ஒரு கம்பளிக் காலுறைக்குள் செருகிய பாட்டில் ஒன்று கிடைத்தது.

சின்ன சோடா பாட்டில். மேலே ஒட்டியிருந்த தாளை உரித்தெடுத்திருந்தான். உள்ளே பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனால் தண்ணீரை யார் காலுறைக்குள் ஒளித்து வைப்பார்கள்? வெளிப்பக்கம் கறுப்பு மையில் நான்கு கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் தம்பி வெஸ்லியின் கோணல் கையெழுத்து: வெள்ளி மாலை, சனி காலை, சனி மாலை, ஞாயிறு காலை. மூடியைத் திருகி முகர்ந்தேன். மூக்கு எரிந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. "காலையிலுமா?" என்று வாய்விட்டே கேட்டேன்.

அந்தக் கோடுகளை எனக்குத் தெரியும். கெட்ட காலத்தில், இனிமேல் அளவோடுதான் என்று சத்தியம் செய்துவிட்டு, வோட்கா பாட்டிலில் இதே மாதிரி கோடு போடுவான். நாளுக்கு ஒரு கோடு. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் வியாழக்கிழமையைத் தாண்டிவிடுவான். கடைசிக் காலத்தில் எது கிடைத்தாலும் குடித்தான், வாய் கொப்பளிக்கும் மருந்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அவன் மனைவி கேண்டஸ் மகளைக் கூட்டிக்கொண்டு போனது அந்த வருஷம்தான். அதற்கப்புறம் ஒரு நாள் தானாகவே சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தான். வெளியே வந்து இந்த மாதத்தோடு பதினொரு மாதம். மர ஆலையில் மறுபடியும் வேலை, குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு வாரத்தில் மூன்று நாள், சொட்டு கிடையாது என்று நான்தான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

பெருமையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமைக்குள் நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அவன் மகள் டெல்லாவுக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், என் வீட்டில், என் கண் முன்னால்தான் அவன் அவளைப் பார்க்கலாம் என்பது கோர்ட்டு உத்தரவு. இனிமேல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவனோடேயே அவள் தங்கலாமா என்று நீதிபதி முடிவு செய்யப் போகிறார். கூடவே இருந்து பார்த்த ஆள் நான் என்பதால், என்ன பார்த்தேன் என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். வெஸ்லிக்கும் தெரியும். போன வாரம் அவனே போன் செய்து, "எழுதறதுக்கு முன்னாடி மூணு நாள் என்கூட மலைக்கு வா. பக்கத்துலயே இருந்து நல்லாப் பாத்துக்கோ" என்றான். அடுப்பு தன் பொறுப்பு என்றும், என் இரும்புக் கடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும்படியும் சொன்னான்.

இரும்புக் கடை என்பது என்னுடைய பழைய கேஸ் அடுப்பு. எடை விஷயத்தில் அவனுக்குக் கிறுக்கு பிடித்துச் சில மாதங்கள் ஆகின்றன. குடியை விட்டவர்கள் எதையாவது பிடித்துக்கொள்வார்கள் என்பார்கள், இவன் அவுன்ஸைப் பிடித்துக்கொண்டான். காலையில் பாதை தொடங்கும் இடத்தில் என் பையைத் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு, "முப்பத்தஞ்சு பவுண்டு! அக்கா, வீட்டையே பேத்து எடுத்துட்டு வந்துட்டியா?" என்றான். அவனுடையது பதினான்கு. பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பாதியாக நறுக்கியிருந்தான். பாதிப் பல்லையும் பிடுங்கிப் போட்டிருந்தால் இன்னும் குறைந்திருக்குமே என்றேன். தீயில் எரிந்துபோன காட்டுக்குள் ஐந்து மைல், கறுத்த மரங்களுக்கு நடுவே, அவன் பின்னால் வர நான் முன்னால் நடந்தேன். நான் பத்தொன்பது வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். பின்னால் உட்கார்ந்திருப்பவன் என்ன திருட்டுத்தனம் செய்கிறான் என்பதைத் திரும்பாமலே சொல்லிவிடுவேன். அவன் மூச்சு சீராக இருந்தது. பனி உருகி வரும் வெள்ளை ஓடையைக் கல்லுக்குக் கல் தாண்டும்போது கால் தடுமாறவில்லை. மேலே ஏறிப் புல்வெளி திறந்து, ஜெஃபர்சன் சிகரம் முழுசாக முன்னால் வந்து நின்றபோது, இந்தக் கடிதம் தானாக எழுதிக்கொள்ளும் என்று நினைத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பாட்டில் கையில்.

கேட்டால் ஏதாவது சொல்வான், நம்பும்படியாகவே சொல்வான். பத்து வருஷம் கேட்டாகிவிட்டது. கொட்டிவிடுவது என்று எழுந்தேன். ஏரியில் கவிழ்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் இங்கே வளர்ந்தவர்களுக்கு அது வராது. பல் தேய்த்துத் துப்புவதானாலும், பாத்திரம் கழுவிய தண்ணீரானாலும், தண்ணீர்க் கரையிலிருந்து எழுபது தப்படி தள்ளித்தான் கொட்ட வேண்டும் என்று எங்களுக்கு நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் எண்ணிக்கொண்டே நடந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று. எழுபதாவது தப்படியில், செடி கொடி எதுவும் இல்லாத எரிமலைச் சரளையாகப் பார்த்து, ஒரு கறுப்புப் பாறைக்குப் பின்னால் முழுவதையும் ஊற்றினேன். பிறகு என் குடிதண்ணீரை அதே அளவுக்கு நிரப்பி, மூடியைத் திருகி, காலுறைக்குள் செருகி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். மாலையில் திருட்டுத்தனமாக எடுத்து வாயில் வைப்பான், வெறும் தண்ணீர். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. நல்ல அக்காதான்.

வெஸ்லி தண்ணீரோடு மேலே ஏறி வந்தான். கூடாரத் துணி இன்னும் தரையில் கிடந்ததைப் பார்த்ததும், "அய்யோ, முளை என் கோட்டுப் பையில இருக்கு. என் பைக்குள்ள தேடினியா?" என்றான்.

"இல்ல" என்றேன்.

அன்றைக்கு அந்த மலையில் சொல்லப்பட்ட முதல் பொய் என்னுடையது.

மத்தியானம் முழுக்க அவனைக் கண்ணாலேயே கட்டி வைத்திருந்தேன். பாறைக்குப் பின்னால் ஒதுங்கினால் எண்ண ஆரம்பித்தேன். அவன் ஏரியில் குதித்துக் குளிர் தாங்காமல் ஊளையிட்டான். ஈரத்தோடு வெயிலில் மல்லாந்து கிடந்தபடி, "அடுத்த வருஷம் டெல்லாவைக் கூட்டிட்டு வரணும். அஞ்சு மைல் நடந்துருவால்ல?" என்றான். பாறை இடுக்கில் கீச்சிடும் குட்டி முயல்களைக் காட்ட வேண்டுமாம், அவளுக்கென்றே கால் பவுண்டில் ஒரு பை தைக்கப் போகிறானாம். நான் மனசுக்குள் கடிதத்தை எழுதி முடித்திருந்தேன். என் தம்பி நல்லவன், மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறான், ஆனால் அவளை அவனிடம் தனியாக விட என்னால் சம்மதிக்க முடியாது. மூன்றே வரி. அந்த மூன்றாவது வரி நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

வெயில் சாய்ந்ததும் அவன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "அக்கா, இங்க வந்து உக்காரு. இப்பப் பாரு வித்தைய."

பாத்திரத்துக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். பூனைச் சாப்பாடு வரும் தகர டப்பா. விளிம்பைச் சுற்றி வரிசையாக ஓட்டை போட்டிருந்தான். "அடுப்பு! நானே செஞ்சது. காலைல எங்க வீட்டுப் பூனை சாப்டுச்சு, சாயந்தரம் நான் ஓட்டை போட்டேன். எடை என்ன தெரியுமா? ஒண்ணுமே இல்ல!" தரையில் தட்டையான கல்லாகப் பார்த்து அதை வைத்தான். பிறகு, ஒளிவுமறைவு இல்லாமல், என் கண் முன்னாலேயே அந்தக் காலுறையை எடுத்தான். பாட்டிலை வெளியே உருவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்த்தான். "வெள்ளி மாலை" என்று படித்தபடியே முதல் கோடு வரை டப்பாவில் ஊற்றினான். தீக்குச்சியைக் கிழித்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது, அது குடிக்க இல்லை, அடுப்பெரிக்க. வெள்ளி மாலை நூடுல்ஸ். சனி காலை காபி.

முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. "காத்து" என்று முணுமுணுத்துவிட்டு, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மூன்றாவதைக் கிழித்தான். நான்காவதைத் திரவத்துக்குள்ளேயே நனைத்தான், உஸ்ஸென்றது. டப்பாவைத் தூக்கி மோந்து பார்த்தான். பாட்டிலை மோந்து பார்த்தான். "ஆவியாப் போயிடுச்சா என்ன? மூடி இறுக்கமாத்தானே இருந்துது. வீட்ல பத்து தடவை எரிச்சுப் பாத்தேனே" என்று தனக்குத் தானே பேசிக்கொண்டான். ஐந்தாவது குச்சியைக் கையில் எடுத்தான். அந்த நேரம் நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம், ஆவியாகிவிட்டது என்றே அவன் நம்பியிருப்பான். ஆனால் அவன் குச்சிகளை வீணாக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அது தண்ணி, வெஸ்" என்றேன். "நான்தான் ஊத்தினேன். உன்னோடதைக் கொட்டிட்டேன்."

குச்சி பிடித்த கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான், கோடுகளைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்தது. முகத்தில் ரத்தம் ஏறுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"பெட்ரோல் பங்க்ல விக்கறது அது. குளிர்ல பெட்ரோல் குழாய் உறையாம இருக்க வண்டில ஊத்துறது. குடிச்சா கண்ணு போயிடும்."

"எனக்கு எப்பிடிடா தெரியும்? மோந்து பாத்தா அப்பிடியே..."

"பங்க்ல ஏன் வாங்கினேன் தெரியுமா? சாராயக் கடையில கிடைக்கற ஸ்பிரிட்டு இன்னும் சூடா எரியும், கொஞ்சம் போதும். எல்லாரும் அதைத்தான் வாங்குவாங்க. நான் அந்தக் கடைக்குள்ள காலு வெக்கக் கூடாதுன்னு இதை வாங்கினேன்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "லெட்டரையும் மனசுல எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"வேணாம்னு."

திரும்பி மலையைப் பார்த்தபடி நின்றான். தோளெலும்பு சட்டைக்குள் ஏறி இறங்கியது. அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் எனக்கு வெட்கத்தைவிட சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. குடிக்கவில்லை. என் தம்பி குடிக்கவில்லை. மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்த கல் உருண்டு எங்கோ போய்விட்டது. சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன், பொத்தியதும் அழுகை வந்தது. அவன் அங்கே அவமானத்தில் நின்றுகொண்டிருக்க, எனக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. மன்னித்துக்கொள் என்று இரண்டு தரம் சொன்னேன். இரண்டு தரமும் சிரிப்பு கலந்து வந்து கெடுத்தது.

திரும்பாமலே கேட்டான். "எங்க கொட்டினே?"

"அதோ, அந்தக் கறுப்புப் பாறைக்குப் பின்னாடி."

"ஏரியிலேருந்து எவ்வளவு தூரம்?"

"எழுபது தப்படி. எண்ணினேன்."

அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்து பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தான், சிரிக்கப் பிடிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தான். "தம்பி குடிச்சுச் செத்தாலும் பரவால்ல, ஏரி கெடக் கூடாது! அப்பிடித்தானே?"

"சட்டம்னா சட்டம்" என்றேன்.

சிரிப்பு அடங்கியதும் பசி தெரிந்தது. கையில் இருப்பதெல்லாம் காய்ந்த நூடுல்ஸும் காபித் தூளும். போன வாரம் மழை பெய்து காட்டில் தீ மூட்டக் கூடாது என்ற தடையைத் தளர்த்தியிருந்தாலும், இந்த ஏரிகளைச் சுற்றி விறகுத் தீ மூட்டவே கூடாது, எந்தக் காலத்திலும். எதிர்க்கரையில் நீலக் கூடாரம் ஒன்று இருந்தது. மத்தியானம் கையசைத்த வயதான தம்பதி, அவர்கள் அடுப்பு சீறுகிற சத்தம் தண்ணீரின் மேல் வந்துகொண்டிருந்தது. நான் போய் வெந்நீர் கேட்டு வருகிறேன் என்று பாத்திரத்தை எடுத்தேன்.

வெஸ்லி அதைப் பிடுங்கிக்கொண்டான். "நீ உக்காரு. நீ போனா அவங்க பையையும் திறந்துருவே."

அவன் கரையைச் சுற்றி நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு இடத்தில் குனிந்து புதரில் எதையோ பறித்து வாயில் போட்டுக்கொண்டான். நீலக் கூடாரத்தை அடைந்ததும் கிழவர் எழுந்து கை கொடுத்தார், அந்த அம்மா பாத்திரத்தை வாங்கி அடுப்பில் வைத்தாள். கிழவர் தன் சட்டைப் பைக்குள்ளிருந்து தட்டையாக, பளபளவென்று ஒன்றை எடுத்தார். மலையில் முதல் நாள் மாலை, முன்பின் தெரியாதவர் வந்தால் ஒரு மடக்கு விஸ்கி நீட்டுவது இங்கே மரியாதை. நானே எத்தனையோ பேருக்கு நீட்டியிருக்கிறேன். அவர் கை நீண்டது. வெஸ்லியின் முதுகு எனக்குக் குறுக்கே இருந்தது. அவன் கை மேலே போனது. தலையைச் சொறியவா, வாய்க்கா, தெரியவில்லை.

என் பையின் மேல் அறையில் பறவை பார்க்கும் தொலைநோக்கி இருந்தது. அதை எடுக்கவில்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. எடுத்தேன், கண்ணிலும் வைத்தேன். பெரிதாக ஒரு முதுகு தெரிந்தது, அவ்வளவுதான். அதற்குள் வெட்கம் வந்து கீழே வைத்துவிட்டேன். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் மன்னிப்புக் கேட்ட வாய், இன்னும் ஈரம்கூடக் காயவில்லை.

திரும்பி வர வெகுநேரம் எடுத்துக்கொண்டான். பாத்திரத்தைத் தொப்பியில் சுற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, சிந்தாமல் அடிமேல் அடி வைத்து வந்தான். எனக்கு முன்னால் வந்து நின்றான். நான் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தேன். அவன் பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை.

"கேளு" என்றான்.

"எதை?"

"அக்கா. தண்ணி ஆறுது."

இத்தனை வருஷத்தில் அவன் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கிளறியிருக்கிறேன், கார் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவியிருக்கிறேன், கேண்டஸ்ஸிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறேன். கேட்டிருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்று யோசித்துப் பார்த்தால், நான் கேட்டதெல்லாம் எங்கே போனாய், ஏன் லேட்டு, கண் ஏன் சிவந்திருக்கிறது என்பதுதான். நேருக்கு நேராக, அந்த ஒரு வார்த்தையை, ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இல்லை என்று சொன்னால் நம்ப முடியாது, ஆமாம் என்று சொன்னால் தாங்க முடியாது. பேசாமல் பையைத் திறந்து பார்ப்பது எவ்வளவோ சுலபம்.

"குடிச்சியா, வெஸ்?"

"இல்ல. குடுத்தாரு, வேணாம்னேன். ஒரு வாய்தானேன்னாரு. எனக்கு ஒரு வாய்ங்கறதே கிடையாது சார், பதினொரு மாசமாச்சுன்னேன். உடனே அந்தம்மா ஒரு சூப்புப் பொட்டலத்தைப் பையில திணிச்சிட்டாங்க. காபிக்குக் காலைலயும் வரச் சொல்லிருக்காங்க." இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். "ஊதட்டுமா?"

வேண்டாம், நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு பொய் சொன்னது போதும் என்று தோன்றியது.

"ஊது" என்றேன்.

பாத்திரத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, என் எதிரே மண்டியிட்டு, கன்னம் இரண்டும் உப்ப மூச்சை இழுத்து, முகத்துக்கு நேரே ஊதினான். காட்டுப் பழத்தின் புளிப்பு. காலையிலிருந்து தேய்க்காத பல். ஏரித் தண்ணீரின் பச்சை வாடை. நாக்கெல்லாம் நீலமாக இருந்தது.

"சீ, நாறுதுடா" என்றேன்.

"லெட்டர்ல அதையும் எழுது."

"எழுதறதுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

"ரெண்டு நாளும் கேளு" என்றான். "எப்ப வேணா கேளு, நடுவழியில நிறுத்திக் கேளு. பையைத் திறக்காத, அவ்ளோதான்."

நான் தலையசைத்தேன். மலையின் பனி மேல் கடைசி வெயில் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது, எதிர்க்கரையில் கிழவர் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார். வெஸ்லி மறுபடியும் மூச்சை இழுத்து, இந்த முறை கேட்காமலே, என் முகத்தில் ஊதினான். நான் முகத்தைத் திருப்பவில்லை. பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் இன்னும் சூடாகத்தான் இருந்தது.